பாட்டி பிறந்த தோட்டம்

ஜூன் 3, சுங்கை சிப்புட், மலேசியா

படிவம் ஐந்து பிள்ளைகளிடம், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த மலாயா அவசரகாலம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. போன மாதம் நடத்திய பாடம். வரலாறு தேறாவிட்டால் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் சான்றிதழே கிடையாது என்று மிரட்டியும் பார்த்தாயிற்று. மிரட்டல்தான் நினைவில் இருக்கிறது.

ஜூன் 5

1977இல் ரோஜர்ஸ், குய்ப்பர், கிர்க்கர் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்த நினைவாற்றல் சோதனையைத் திரும்பப் படித்தேன். குணத்தைச் சொல்லும் சொற்களைக் காட்டி, சொல்லுக்கு ஒரு கேள்வி: பெரிய எழுத்தில் இருக்கிறதா, இந்தச் சொல்லோடு ஓசை ஒத்துப்போகிறதா, அந்தச் சொல்லும் இதுவும் ஒரே பொருளா, இது உங்களுக்குப் பொருந்துமா? அப்புறம் திடீரென்று, நினைவிருப்பதை எழுதுங்கள் என்றார்கள். 'எனக்குப் பொருந்துமா' என்று யோசித்த சொற்களே அதிகம் தேறின. நம்மைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஏராளம். புதுச் செய்தி அதில் எங்காவது மாட்டிக்கொள்கிறது.

ஜூன் 10

புத்தகத்தை மூடச் சொன்னேன். "1948 ஜூன் 16 காலையில், நம்ம ஊர் எல்பில் தோட்டத்து ஆபீசில் வாக்கர் துரையைச் சுட்டார்கள். அதே காலை இன்னொரு தோட்டத்தில் இரண்டு பேர். அதோடுதான் அவசரகாலம் வந்தது."

பின்வரிசைப் பையன் நிமிர்ந்தான். "எல்பிலா சார்? எங்க பாட்டி பொறந்ததே அங்கதான்!"

அவ்வளவுதான், வகுப்பு கைக்குள் வந்துவிட்டது. ஒருத்தியின் வீட்டில், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களை வாசல் கம்பிவேலியில் சோதனை போட்டு, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி ஒளித்து எடுத்துப்போகிறார்களா என்று பார்த்த கதை உண்டாம். உணவுக் கட்டுப்பாட்டை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 12

தேதி எல்லோருக்கும் நின்றிருக்கிறது. ஆனால் அந்தப் பையனின் விடைத்தாளில் அவசரகாலமே எல்பிலுக்குள் நடந்து முடிந்துவிட்டது. இன்னொரு தோட்டம் இல்லை, கம்யூனிஸ்ட் கட்சி இல்லை, நாடு முழுக்க நீண்ட 12 வருடமும் இல்லை. பாட்டி மட்டும் இருக்கிறார். சொந்தக் கதையோடு சேர்ந்தது மறக்காது, சரி. சேராததை அது ஓரமாகத் தள்ளிவிடுகிறது. இதைப் பிள்ளைகளின் குறை என்று சொல்ல மனம் வரவில்லை. கோயில் கூட்டத்தில் பெரியவர்கள் ஊர் வரலாறு பேசினாலும் இதே கதைதான். ஆளுக்கொரு தாத்தா கோயிலைக் கட்டியிருப்பார்.

ஜூன் 17

ஜொகூரிலிருந்து குடிவந்த பெண்ணுக்கு எல்பில் எதுவும் சொல்லவில்லை. 1979இல் பவர், கில்லிகன் இருவரும் கண்டது அவளுக்கு உதவும்: தன் அம்மாவோடு பொருத்திப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே அளவு நினைவில் நிற்கிறது. அவள் அம்மா வளர்ந்த தோட்டத்தைக் கேட்டுவரச் சொன்னேன்.

அடுத்தது, நாட்டின் அரசியலமைப்பை வரைய அமைத்த 1956 ரீட் ஆணையம். அதற்கு எந்தப் பாட்டியைத் தேடுவது என்று மலைப்பாக இருந்தது. குடியுரிமை என்றதும் வழி தெரிந்தது. வீட்டில் யாருக்காவது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை இருந்ததா என்று வியாழக்கிழமைக்குள் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.