பச்சை பெல்ட்டும் அரியமான் மணலும்

பச்சை பெல்ட் தேர்வை அரியமான் கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் கராத்தே மாஸ்டர் சொன்னதும் பிள்ளைகள் எல்லாம் துள்ளிக் குதித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. வைகாசி மாதம். ராமநாதபுரம் பக்கம் எங்கள் உச்சிப்புளியைச் சுற்றி எந்த மண்டபத்தைக் கேட்டாலும் முகூர்த்தம். மைதானம் என்றால் கருவேல முள். அதனால் கடற்கரை. மாஸ்டர் வெளியூர்க்காரர், பாவம். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் கடற்கரையில் எவ்வளவு பேர் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று அரசாங்கம் போட்ட தடை. அந்த இரண்டு மாதமும் படகுக்குப் பெயின்ட் அடிப்பது, மரம் மாற்றுவது, வலையில் கிழிசல் பார்ப்பது என்று வேலை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் ஒரு மணி நேரம் வலையைப் பார்த்தால் இரண்டு மணி நேரம் வேறு எதையாவது பார்க்க வேண்டும் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிடைத்தோம்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். மகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வெளியே படியில் உட்கார்ந்திருப்பேன். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, வாங்க" என்று மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டார். போனேன். மகள் கொஞ்ச நாளில் பரதநாட்டியத்துக்கு மாறிவிட்டாள். நான் மாட்டிக்கொண்டேன். நாள் முழுக்க மெஷினில் குனிந்து குனிந்து வந்த முதுகுவலி போய்விட்டது என்பதால் விடவும் மனசு வரவில்லை. வகுப்பில் நரைமுடி உள்ள ஒரே ஆள் நான்தான். மாஸ்டருக்குக்கூட இன்னும் நரைக்கவில்லை.

வகுப்பில் பாதிப் பேருக்குக் கராத்தே உடை தைத்ததும் நானே. சட்டை பெரிய விஷயம் இல்லை. பேன்ட்தான் வித்தை. கவட்டில் ஒரு டைமண்ட் துண்டு வைத்துத் தைக்கவில்லை என்றால் முதல் உதையிலேயே மானம் போய்விடும். பெல்ட் மட்டும் கடையில் வாங்குவது. அதைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே தடித்த துணி வைத்து, நீளவாக்கில் எட்டு, பத்து வரி தையல் ஓடியிருக்கும். என் மெஷினில் ஊசி முறியும். இந்த பெல்ட் கட்டும் வழக்கமே கராத்தேக்குச் சொந்தம் இல்லையாம். ஜூடோவில் கானோ என்பவர் ஏற்படுத்தியதை எடுத்துக்கொண்டு, 1924-ல்தான் கராத்தே ஆசான் ஃபுனகோஷி தன் மாணவர்கள் சிலருக்கு முதல் கறுப்பு பெல்ட்டைக் கொடுத்தாராம். நடுவில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று இத்தனை நிறம் வந்ததற்கு 1930-களில் பாரிஸில் ஜூடோ சொல்லிக்கொடுத்த கவாய்ஷியைக் காரணம் காட்டுவார்கள். துணி வியாபாரம் தெரிந்த மனிதராக இருந்திருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். தேர்வு நடத்தும் பெரிய மாஸ்டர் மதுரையிலிருந்து வர வேண்டும். ஏழு மணிக்கு போன் போட்டால் "பரமக்குடி தாண்டியாச்சு." ஏழே முக்காலுக்கும் "பரமக்குடி தாண்டியாச்சு." எட்டரைக்குப் போட்டபோது பின்னால் யாரோ "ரெண்டு வடை, ஒரு டீ" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஒன்பது மணிக்கு வந்து இறங்கினார். அதற்குள் பிள்ளைகள் கடலில் ஒரு முறை நனைந்து, காய்ந்து, இட்லி தின்று, மறுபடியும் நனைந்திருந்தார்கள். சவுக்குத் தோப்பு நிழலில் மேசை போட்டு அவரை உட்கார வைத்தோம். அவருக்கு நிழல், எங்களுக்கு வெயில். அதுவாவது பரவாயில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தோப்பைத் தாண்டி வரும். அவர் முதுகைத் தடவிவிட்டு, மணலை வாரிக்கொண்டு நேராக எங்கள் வாய்க்குள் வரும். "ஓஸ்" என்று வாயைத் திறந்து வணங்கும்போதெல்லாம் ஒரு பிடி.

எங்களுக்குப் பின்னால் வடகடல் அலையே இல்லாமல் கிடந்தது. இந்தப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல்தான் சாதுவாம். சொன்னவர்கள் என் மாமியாரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அவரும் வந்திருந்தார். "நாப்பது வயசுக்கு மேல எதுக்குத்தா இந்தக் கூத்து" என்று வீட்டில் சொன்னவர், ஒரு தூக்குவாளி நீச்சத்தண்ணியும் வறுத்த முண்டு மிளகாயுமாகச் சவுக்கடியில் முதல் வரிசையில் இடம் பிடித்துவிட்டார். அவருக்குப் பிறந்த ஊர் பாம்பன் சின்னப்பாலம். வயசுக் காலத்தில் கடல்பாசி எடுக்கப் போனவர். கண்ணாடியை மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பிய்த்த கை. இப்படிப்பட்டவர் முன்னால் நான் தண்டால் எடுக்க வேண்டும்.

தண்டால் முஷ்டியை ஊன்றி எடுப்பது. சிமெண்டுத் தரையில் முஷ்டி வலிக்கும், ஆனால் நிற்கும். மணலில் வலிக்காது, முஷ்டி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பத்தாவதில் என் மூக்கு மணலைத் தொட்டது. இருபதில் நெற்றி. அதற்குமேல் எண்ணியது மாஸ்டர் மட்டும்தான். அப்புறம் தவளைக் குதி, அப்புறம் அடிப்படைகள். முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை நீட்டி, குத்திக்கொண்டே முன்னால் போக வேண்டும். குதிகால் தரையில் ஊன்றவேண்டும் என்பார்கள். மணலில் குதிகால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. திரும்பி வரும்போது போன தடம் எல்லாம் குழி. குழிக்குள் குழி. ஒன்பதரைக்கு மேல் மணல் சுட ஆரம்பித்ததும் எல்லாருடைய உதையும் உயரம் கூடிவிட்டது. யாருக்கும் காலைக் கீழே வைக்க ஆசை இல்லை.

அடுத்து கிபா தாச்சி. இரண்டு காலையும் அகட்டி, முழங்காலை மடக்கி, குதிரை மேல் உட்கார்ந்த பாவனையில் அசையாமல் நிற்பது. பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு நிமிடம் போகட்டும், தொடை ஆட ஆரம்பிக்கும். இரண்டு நிமிடத்தில் தொடை ஆடுவது பார்ப்பவர்களுக்கும் தெரியும். வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, காலை இன்னும் அகட்டு. வல்லத்துல நின்னதே இல்லையாக்கும்?" வல்லம் என்றால் எங்கள் பக்கத்து நாட்டுப்படகு.

"வெளியாட்கள் பேசக் கூடாது" என்றார் பெரிய மாஸ்டர்.

"நீங்க இருங்க சார். ஏத்தா, கீழ பாக்காத, தூரத்துல பாரு. தண்ணியப் பாத்தா தலை சுத்தும்."

நான் மேசையைத் தாண்டி, தோப்பைத் தாண்டி, ஒரு பனைமர உச்சியில் கண்ணை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், ஆட்டம் குறைந்தது. என் வரிசையில் நின்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாகத் தலையை நிமிர்த்தின. பெரிய மாஸ்டர் ஏதோ குறித்துக்கொண்டார். மதிப்பெண் எனக்கா, பெரியவருக்கா தெரியவில்லை.

கட்டா என்பது எதிராளி இல்லாமலே சண்டை போடும் பகுதி. எனக்கு ஹெயான் சாண்டான். ஒகினாவா தீவில் இதோசு என்பவர் நூறு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக அமைத்த வரிசை அது. பிள்ளைகளுக்காக என்பதை அதைச் செய்யும்போது ஒவ்வொரு முழங்காலும் ஞாபகப்படுத்தும். பாதி வரை ஒழுங்காகப் போனது. முன்னால் பாய்ந்து குத்தி, "ஏய்" என்று கத்த வேண்டிய இடம் வந்தது. ஊரே பார்க்கும்போது எப்படிக் கத்துவது? ஒரு சின்ன "ஏய்" வந்தது. காக்காய்கூடப் பறக்கவில்லை. அடுத்து மெதுவாகத் திரும்பி, இரண்டு முஷ்டியையும் இடுப்பில் வைத்து, விறைப்பாக நிற்க வேண்டும். அப்படியே ஒரு காலைத் தூக்கி ஓங்கி மிதித்து முழங்கையால் தடுக்க வேண்டும். வகுப்பில் சிமெண்டுத் தரை "தடார்" என்று அதிரும். மணலில் "புசுக்."

சவுக்கடியிலிருந்து மாமியார் குரல் வந்தது. "குழாயடியில இதே மாதிரிதான் நிப்பா. அங்க கத்துறதுல பாதி கத்தினா போதாதா?"

கடற்கரை முழுக்கச் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து கடற்படை ஹெலிகாப்டர் வந்தது. ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, எங்களுக்கு ஹெலிகாப்டர் புதிது இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு எத்தனை முறை வந்தாலும் அது புதிதுதான். வரிசையில் இருந்த அத்தனை பேரும் கட்டாவை நடுவானில் விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். "பார்வை! பார்வை!" என்று பெரிய மாஸ்டர் கத்தியது அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நான் மட்டும் பனைமரத்தையே பார்த்துக்கொண்டு முடித்தேன். கடைசி அசைவில், தோளுக்கு மேல் பின்பக்கமாகக் குத்தும்போது, மாமியார் மேல் இருந்த கோபத்தை எல்லாம் சேர்த்து ஒரு கத்துக் கத்தினேன் பாருங்கள். ஹெலிகாப்டர் போய்விட்ட நேரம் அது. அமைதியில் என் குரல் தனியாகக் கேட்டது. அப்போதும் காக்காய் பறக்கவில்லை, ஆனால் இட்லிப் பொட்டலத்தை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த நாய் ஓடிவிட்டது.

குமித்தே, அதாவது நேருக்கு நேர். எனக்கு ஜோடி பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி. ஆறாம் வகுப்பிலிருந்து அவனுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுப்பது நான்தான், இடுப்பளவு எனக்கு மனப்பாடம். தாக்குகிறவர் முதலில் எங்கே அடிக்கப் போகிறேன் என்று அறிவிக்க வேண்டும். முகம் என்றால் ஜோதான், வயிறு என்றால் சூதான். அவன் "ஜோதான்... மன்னிச்சிருங்க அக்கா" என்று சொல்லிவிட்டுக் குத்துவான். நான் தடுத்துவிட்டுத் திருப்பிக் குத்துவேன். "சூதான்... மன்னிச்சிருங்க அக்கா." அவன் அம்மா கரையில் நின்று, "தம்பி, மதினி மேல பட்டுராம அடிடா" என்று கூவினார். அந்த மதினி நான்தான். பட்டுவிடாமல் அடிப்பதற்குத்தான் இவ்வளவு பயிற்சி என்று அவருக்கு யார் சொல்வது? தடுத்த முன்கை இரண்டும் மறுநாள் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தன. அவன் கை இரும்பு. மன்னிப்பு மட்டும்தான் மெத்தென்று இருந்தது.

எல்லாம் முடிந்து வணங்கும்போது உட்கார்ந்த நான் எழுந்திருக்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். தொடை இரண்டும் ஒத்துழைக்க மறுத்தது எனக்குத்தான் தெரியும். மாமியார் வந்து கையைக் கொடுத்துத் தூக்கினார். தூக்குவாளியை வாயில் சாய்த்தார். நீச்சத்தண்ணியோடு மிளகாயைக் கடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்து, "சரி விடு, ஒண்ணும் குறைச்சலாச் செய்யல" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் நான் வாங்கிய பெரிய பாராட்டு அது. மிளகாய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

பாஸ். எல்லாரும் பாஸ். பெரிய மாஸ்டர் பெல்ட்டுகளை வரிசையாகக் கொடுத்தார். அளவு மட்டும் எல்லாம் மாறிக் கிடந்தது. பெல்ட் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டபின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும். எனக்குக் கிடைத்தது சின்னப் பிள்ளை அளவு, ஒரு சுற்றுக்கே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. எட்டு வயதுப் பொடியன் ஒருவனுக்குக் கிடைத்ததோ முழங்காலைத் தாண்டித் தரையில் புரண்டது. அவன் அதைச் சுழற்றிக்கொண்டு நாயைத் துரத்தப் போய்விட்டான்.

திங்கட்கிழமை கடையைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. "அக்கா, நீளம் குறைக்கணும்." ஒவ்வொரு பெல்ட்டிலும் வெட்டிய துண்டை எடுத்து வைத்து, தடித்த ஊசி மாற்றி, என் பெல்ட்டோடு ஒட்டுப் போட்டேன். மூன்று ஒட்டு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பெல்ட்டுக்கு இருபது ரூபாய் கூலி. என்னோடு சண்டை போட்ட தம்பி தன் தங்கச்சி பெல்ட்டைக் கொண்டுவந்தான். சில்லறை பத்து ரூபாய்தான் இருந்ததாம்.

"மன்னிச்சிருங்க அக்கா" என்றான். முன்கையைக் காட்டினேன். வீட்டுக்கு ஓடிப்போய் இன்னொரு பத்து ரூபாய் எடுத்துவந்தான்.