அப்பாவின் காம்பஸ்

பாம்பனில் எங்கள் படகுக்கு ஜிபிஎஸ் வந்தபிறகும் அப்பா பழைய காம்பஸைக் கழற்றவில்லை. உப்புப் பூத்த பித்தளை வளையம், உள்ளே மிதக்கும் வட்டத்தட்டு. படகு எப்படி ஆடினாலும் அது வடக்கை விடாது.

அதைத் திருப்புவது எது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதன்மேல் தனி மரியாதை. நம் காலுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பும் நிக்கலும் புரள்கின்றன. அந்தப் புரளலில்தான் பூமியின் காந்தப்புலம் பிறக்கிறது. அதற்கும் உள்ளே இன்னொரு கரு. டென்மார்க்கின் லேமன் அம்மையார் 1936இல் நிலநடுக்க அலைகளை வைத்தே அதைக் கண்டுபிடித்தார். அவ்வளவு சூட்டிலும் அழுத்தத்தால் அது கெட்டி.

அந்த இரும்பும் என்றோ நட்சத்திரங்களில் வெந்து வந்ததுதான். நம் சூரியனின் நடுவில் ஹைட்ரஜன் ஹீலியமாவதோடு சரி. இரும்புவரை போகப் பல மடங்கு கனமான நட்சத்திரம் வேண்டும்.

நேற்று நங்கூரத்துத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். துருவை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இதுவுமாப்பா?"