வேலியில் ஒரு பொட்டு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கும் எங்கள் ஆட்கள் அனேகமாக எல்லோரும் முன்வாசலில் நின்று ஒரு தடவை கேட்டுவிடுவார்கள்: "காணி எதுவரைக்கும்?" வீடு காட்ட வந்த முகவர் கையை நீட்டிப் புல்லைக் காட்டுவார். இந்த வீட்டுப் புல், அதோடு ஒட்டி அடுத்த வீட்டுப் புல். நடுவில் வேலிக்கு நட்ட ஒரு கதியால்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு இது வயிற்றைக் கலக்கும் விசயம்.

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவினர் ஊர் வாழ்க்கையையும் கனடா வாழ்க்கையையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். பனியும், இரண்டு வேலை செய்வதும், பிள்ளைகளின் தமிழும் முந்திய மலர்களில் போதிய அளவு வந்துவிட்டன. நான் வேலியோடு நிற்கிறேன்.

எங்கள் வயதுக்காரருக்கு வேலியடைப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மலரைப் புரட்டும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று கிடைத்த கதியால்களை நெருக்கமாக நட்டால் அவை தளிர்த்து உயிருள்ள வேலியாக நிற்கும். அதன்மேல் கிடுகையோ (பின்னிய தென்னோலை) பனையோலையையோ வைத்து, வரிச்சு என்னும் குறுக்குத் தடி பிடித்துக் கட்டுவது அடைப்பு. ஓலை உக்கினால் கழற்றித் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பார்கள். பூவரசங்குழையும் தோட்டத்துக்குத்தான். முருக்கங்குழை ஆட்டுக்கு.

இந்த அடைப்பில் ஒரு சங்கதி இருக்கிறது. தனியொருவரால் அதைச் செய்ய முடியாது. குத்தூசி என்னும் நீண்ட ஊசியின் கண்ணில் கயிற்றைக் கோத்து ஒருவர் எங்கள் வளவிலிருந்து குத்துவார். மற்றவர் அயல்வீட்டு வளவில் நின்று கயிற்றைக் கழற்றி, வரிச்சைச் சுற்றி, ஊசியில் மறுபடி கோத்து அனுப்ப வேண்டும். கிடுகு மறைப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

"அண்ணை, கொஞ்சம் மேல குத்துங்கோ."

"வந்திட்டுதோ?"

"வந்திட்டுது, இழுங்கோ. உங்காலை கட்டலாம்."

அயல்வீட்டுப் பக்கம் நிற்கும் வேலை பல வருடம் எனக்குத்தான் கிடைத்தது. ஊசி எந்த இடத்தால் வெளியே வரும் என்று தெரியாது. "கையை எடடா" என்று ஐயா குரல் கொடுத்த பிறகுதான் குத்துவார். ஆனாலும் விரலில் ஒரு கீறலாவது படாமல் அந்த நாள் முடியாது. அயல்வீட்டு மாமி தேத்தண்ணி வைத்து முதலில் எனக்குத் தருவா, பிறகு வேலிக்கு மேலால் ஐயாவுக்கு நீட்டுவா. ஆகவே வேலியடைக்கும் நாளில் அயலோடு கோபமாக இருக்க வழியில்லை. கோபமென்றால் அந்த வருடம் வேலி ஓட்டையோடு நிற்கும்.

கோபத்துக்குக் குறைவிருந்தது என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டீர்கள். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போன குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்த ஓணானையும் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிவைத்த யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே எல்லையோரம் நிற்கும் மரங்களுக்கும் அவற்றின் பலனுக்கும் விதி இருக்கிறது என்றால் எங்கள் வியாதி எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இறுக்கமாக அடைத்த வேலியில்தான் ஒரு பொட்டும், அதாவது அடைக்காமல் விட்ட ஓர் இடைவெளியும், இருக்கும். கிணற்றடிப் பக்கமாகவோ குசினிப் பக்கமாகவோ, ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய அளவில். அடைப்பு நாளில் அந்த இடத்தை ஐயா ஒருபோதும் மூடவில்லை. மூட வேண்டும் என்று அயலவரும் கேட்கவில்லை. கறிக் கோப்பை போவதும், நெருப்புத் தணல் வருவதும், கோழி தொலைந்தால் தேடிப் போவதும் அதற்குள்ளால்தான். 1987இல் இந்திய இராணுவம் வந்து ஊரடங்கு போட்டபோது வீதியில் இறங்காமல் பொட்டுக்குப் பொட்டாக ஊரின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்குப் போய் வந்தார்கள். 1990இல் விமானக் குண்டுவீச்சுத் தொடங்கியதும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பங்கர் வெட்டினோம். அது அயல்வளவில் இருந்ததால் பொட்டைப் பெரிதாக்க வேண்டி வந்தது. அப்பாச்சியால் குனிய முடியாது.

இதையெல்லாம் வெளிநாட்டில் இருந்துகொண்டு நாங்கள் மெச்சிக் கதைக்கிறோம். சங்க ஒன்றுகூடலில் ஒரு தடவை நான் பொட்டைப் பற்றி உருகிக்கொண்டிருக்க, எனக்கு இரண்டு வகுப்பு மூத்த அக்கா ஒருவர் சொன்னார்: "தம்பி, உங்களுக்கு அது போய்வர இருந்த வழி. எங்களுக்கு அது கண். ரியூசனால் எத்தனை மணிக்கு வந்தனான், ஆரோட கதைச்சனான், எல்லாம் நான் படலை திறக்க முதல் அம்மாவின்ரை காதுக்குப் போயிடும்." அவர் சொன்னது சரி. பொட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அனேகம் ஆண்கள் என்பதை நானும் கவனித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான்.

அந்த அக்காவுக்குக் கனடாவில் பிடித்தது எதுவென்றால், யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது. எங்கள் இடப்பக்கத்து வீட்டுக்காரர் இத்தனை வருடமாக என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. என்னுடைய வேலையும் அவருக்குத் தெரியாது. காலையில் கார்ப் பாதையில் கண்டால் வானிலையைச் சொல்லுவோம். இரவு வேலை முடிந்து பிந்தி வந்தாலும், மகள் யாரோடு வந்து இறங்கினாலும் எந்த யன்னல் திரைச்சீலையும் அசையாது. வந்த புதிதில் இது எனக்குப் புறக்கணிப்பாகத் தெரிந்தது. இப்போது இதுவும் ஒரு மரியாதை என்று படுகிறது.

ஆனால் எல்லை இல்லாமல் இல்லை. அதைக் காண வேண்டுமென்றால் இரண்டு வீட்டாரும் வெவ்வேறு நாளில் புல் வெட்ட வேண்டும். வெட்டிய புல்லின் பச்சையும் வெட்டாத புல்லின் பச்சையும் சந்திக்கும் இடத்தில் நூல் பிடித்த கோடு ஒன்று தெரியும். அடுத்த வீட்டுக்காரர் புல்வெட்டியை ஒரு சுற்று மேலதிகமாக இந்தப் பக்கம் உருட்டுவதில்லை. நானும்தான். புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது என்று ரொறன்ரோ மாநகரில் விதி இருக்கிறது. வெட்டாவிட்டால் மாநகரசபையே ஆள் விட்டு வெட்டி, செலவை வீட்டு வரியில் சேர்த்துவிடும். நண்பர் ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அயலில் யாரோ மாநகரசபையின் தொலைபேசி இலக்கமான 311க்கு அடித்துச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எதிரே காணும் எல்லோரும் அதே சிரிப்போடுதான் கை காட்டுகிறார்கள். ஊரென்றால் வேலிக்கு அந்தப் பக்கத்தால் நாலு வசனம் கேட்டிருக்கும், விசயம் அன்றோடு முடிந்திருக்கும். அல்லது கோட்டுக்குப் போயிருக்கும்.

பின்வளவில் இங்கேயும் வேலி போடலாம், 2 மீற்றர் உயரம்வரை. எங்கள் பழைய பலகை வேலி சரிந்தபோது வலப்பக்கத்து வீட்டாரும் நாங்களும் செலவைப் பாதியாகப் பிரித்தோம். தச்சர்கள் வந்தார்கள், கம்பம் நட்டார்கள், பலகை அடித்தார்கள், போனார்கள். அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று நிற்க அவசியமே வரவில்லை. எனக்கு அது என்னவோ போலிருந்தது.

அந்த வேலியில்தான் என் மனைவி புடலை ஏற்றுகிறா. இங்கே மே கடைசி வாரத்துக்கு முதல் கன்றை வெளியே வைத்தால் உறைபனி பிடித்துவிடலாம், ஒக்டோபரில் எல்லாம் முடிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் கொடி ஓடி, பூத்து, காய்க்க வேண்டும். ஒரு வருடம் நல்ல வெயில். கொடி வேலியைத் தாண்டி அடுத்த வளவில் இறங்கிக் காய்த்தது. காய் சுருளாமல் நேராக வளர நுனியில் கல் கட்டுவோம் இல்லையா, மனைவி வேலிக்கு மேலால் எட்டி அந்தப் பக்கக் காய்களுக்கும் கல்லைக் கட்டிவிட்டா. மாலையில் அழைப்பு மணி அடித்தது. அந்த வீட்டுப் பெரியவர், சீனர், மிகவும் தயக்கத்தோடு, தங்கள் பக்கம் நீளமாக எவையோ தொங்குகின்றன, அவற்றில் கல்லும் கட்டியிருக்கிறது, ஏதாவது சடங்கா என்று கேட்டார். விளக்கிச் சொல்லி இரண்டு காயை வெட்டியும் கொடுத்தோம். அடுத்த கோடையில் அவர் தன் பக்கத்தில் கொடிக்குக் கயிறு கட்டி வைத்திருந்தார். அவரோடுதான் இந்தத் தெருவில் வானிலைக்கு அப்பாலும் கதைத்திருக்கிறேன்.

சரி, ஊரில் இப்போது என்ன? எங்கள் ஒழுங்கையில் வேலி இல்லை. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து வடக்குக்குச் சீமெந்து வரத் தடை இருந்த காலத்தில், மதில் கட்ட நினைத்தவரும் கிடுகோடுதான் இருந்தார். போர் 2009இல் முடிந்து பாதை திறந்ததும் சீமெந்து தாராளமாக வந்தது, எங்கள் காசும் போனது. இன்று இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே மதில், இரும்புக் கேற், பூட்டு. குற்றம் சொல்ல மாட்டேன். கிடுகு விலை, அடைக்கத் தெரிந்த ஆள் இல்லை, அம்மா தனியே இருக்கிறா, கள்ளர் பயம் வேறு. நானும் காசு அனுப்பித்தான் கட்டுவித்தேன். இன்று கேட்டாலும் அனுப்புவேன். ஆனால் அயல்வீட்டு மாமி அம்மாவுக்கு இடியப்பம் கொடுக்க வேண்டுமென்றால் இப்போது ஒழுங்கையால் சுற்றி வந்து கேற்றைத் தட்ட வேண்டும். அவவுக்கு முழங்கால் ஏலாது. இரண்டு பேரும் கைத்தொலைபேசியில் கதைக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு. நான் ஸ்காபரோவிலிருந்து அம்மாவோடு கதைப்பதும் அதே தொலைபேசியில்தான்.

அதனால் ஒன்றுகூடல்களில் "ஊரில் அந்த மாதிரி, இங்கே இந்த மாதிரி" என்று யாராவது தொடங்கினால் எந்த வருடத்து ஊர் என்று கேட்கத் தோன்றுகிறது. நாங்கள் அனேகமாக 1985ஆம் ஆண்டு ஊரை இன்றைய ஸ்காபரோவுடன் நிறுத்துப் பார்க்கிறோம். அந்த ஊரில் எங்களுக்குப் பதினைந்து வயது, வேலியடைக்கும் செலவு ஐயாவுடையது. தராசு ஒரு பக்கம் சாயாமல் என்ன செய்யும்?

கடைசியாக எங்கள் பாடசாலை விசயம். விஞ்ஞான கூடத்துக்குப் பின்னால் இருந்த வேலியையும் அதிலிருந்த பொட்டையும் மறந்த பழைய மாணவர் இருக்க முடியாது. மணி அடித்த பிறகு வந்தவர்கள் அதற்குள்ளால்தான் நுழைந்தோம். சில நாள் உள்ளே தலையை நீட்டினால் நேரே கணித மாஸ்டரின் வெள்ளை வேட்டி தெரியும், பிரம்பும் தெரியும். அந்தப் பக்கம் இப்போது எங்கள் சங்கத்தின் செலவில் கட்டிய மதில். பின் ஒழுங்கைகளிலிருந்து வரும் சின்னப் பிள்ளைகள், பஸ்ஸும் லொறியும் ஓடும் பிரதான வீதியால் சுற்றி முன்கேற்றுக்கு வருகிறார்கள். மதிலில் ஓரிடத்தை உடைத்து ஒரு சின்ன இரும்புப் படலை வைத்துத் தர முடியுமா என்று பாடசாலையிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். காலையிலும் விடும்போதும் மட்டும் திறப்பார்களாம். வருகிற பொதுக்கூட்டத்தில் இது பேசப்படும். பாதுகாப்பு என்று சிலர் மறுப்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் படலைக்குக் கை உயர்த்துவேன். செலவில் கால்வாசியை எங்கள் வகுப்பு ஏற்கும் என்று கூட்டாளிகளிடம் கேட்காமலே பொருளாளருக்குச் சொல்லியும் விட்டேன்.