கணக்குத் தராமல் கேட்ட கட்டணம்

கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக வேலை செய்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் காணி வழக்குகள். வருகிற ஆட்கள் நீதிபதிக்குப் பயப்படுவதைவிடச் சட்டத்தரணிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டி வருமோ என்றுதான் கூடுதலாகப் பயப்படுகிறார்கள்.

தருமபுரம் பக்கத்து அம்மா ஒருவர் மேல், அவருடைய காணி வழக்கைப் பேசி வந்த வேறொரு சட்டத்தரணியின் அலுவலகமே கட்டண நிலுவைக்கு வழக்குப் போட்டது. சின்ன ஊர். சட்டத்தரணிகள் நாளும் ஒரே நீதிமன்றத்தில் முகம் பார்க்கிறவர்கள். அவருக்காக நிற்கப் பலர் தயங்கினார்கள். எங்கள் சேர், நான் வேலை செய்கிற சட்டத்தரணி, ஓம் என்றார்.

அம்மா மேசையில் வைத்தது ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. மகளின் உருண்டைக் கையெழுத்து. ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கொடுத்த காசு, போட்டோப் பிரதிக்குக் கொடுத்தது, பஸ் காசு கூட இருந்தது. மாசி மாதத்துக்கு நேரே “நெல்லு வித்த காசு” என்று ஒரு பெரிய தொகை. பற்றுச்சீட்டு ஒன்றுகூட இல்லை. “தம்பி, நான் காசு குடுக்காத ஆள் எண்டு ஊர் கதைக்குது. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு” என்றார்.

மறுதரப்பு அனுப்பியிருந்தது ஒரு கோரிக்கைக் கடிதம் மட்டும். நீதிமன்றத் தோற்றங்களுக்கும் ஆலோசனைக்கும் என்று ஒரே வரி, ஒரே தொகை. சிவில் வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்கிற 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, 215ஆம் பிரிவில், இதற்கு ஒரு தடை வைத்திருக்கிறது. சட்டத்தரணி கையொப்பமிட்ட கட்டணக் கணக்கைக் கட்சிக்காரரிடம் கொடுக்க வேண்டும், அல்லது அவர் வீட்டில் சேர்ப்பிக்க வேண்டும். அதன்பின் ஒரு மாதமாவது போனால்தான் வழக்குப் போடலாம். சேர் இந்த ஆட்சேபணையை எழுப்பியதும் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

அப்புறம் முறையான கணக்கு வந்தது. அதைக் கொப்பியோடு வரிக்கு வரி ஒப்பிட்டது நான்தான். கொப்பியில் இருந்த சில கொடுப்பனவுகள் கணக்கில் இல்லை. அதே நேரம், அம்மா போகாத தவணைகளுக்கும் அந்தப் பழைய சட்டத்தரணி போய் நின்றிருக்கிறார். அந்த உழைப்புக்குக் காசு கேட்பது நியாயம். ஜூனியருக்குச் சம்பளம், அலுவலக வாடகை எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஆனால் வன்னியில் ஒரு விவசாயியின் கைக்குக் காசு வருவது பெரும்போகம் வெட்டி நெல்லு விற்ற பிறகு. தவணை அதைப் பார்த்து வராது. இதைத் தெரிந்துகொண்டு வழக்கை ஏற்கிறவர், முதல் நாளே கட்டணத்தை எழுதிக் கொடுத்து, வாங்குகிற ஒவ்வொரு முறையும் சீட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றே நினைக்கிறேன்.

மறுதரப்போடு நடந்த பேச்சில் என்னை மிகவும் கோபப்படுத்தியது காசு இல்லை. காணி அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி அந்தப் பழைய அலுவலகத்தில் கிடந்தது. அது இல்லாமல் அம்மா வங்கியில் பயிர்க்கடனுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். மூலப்பிரதியை முதலில் தாருங்கள், மீதியைப் பிறகு பேசுவோம் என்று சேர் விட்டுக்கொடுக்காமல் நின்றார். பத்திரம் வந்த பிறகுதான் தொகைக்கு இணங்கினோம். கொப்பியில் இருந்ததைக் கழித்து, மிச்சத்தை இரண்டு அறுவடையில் கட்டுவது என்று எழுதினோம்.

காணி வழக்கு இன்னும் முடியவில்லை. பழைய புறொக்சியை, அதாவது சட்டத்தரணியை நியமிக்கிற பத்திரத்தை, நீதிமன்றத்தின் அனுமதியோடு இரத்துச் செய்து, புதியதில் அம்மாவிடம் கையொப்பம் வாங்கினேன். அன்றைக்கே கட்டண விபரத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை மகளிடம் நீட்டினார், கொப்பிக்குள் வைக்கச் சொல்லி.