குஞ்சு விடாத மீட்புத் திட்டம்

காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீருக்கு மீட்புத் திட்ட வரைவு எழுதிய சிறு குழுவில், காரைக்குடியில் விலங்கியல் கற்பிக்கும் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஐம்பது கிலோவைத் தாண்டி வளர்ந்ததாகப் பதிவுள்ள இந்த மீனுக்கு டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானதும், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக, அருகிவரும் உயிரினங்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் அது சேர்ந்ததும் 2018-ல்தான். நீலகிரி மாவட்டத்தின் மாயாறு அதன் முக்கியமான புகலிடம்.

செட்டிநாட்டில் மழைக்குப் பின் கட்லா, ரோகு குஞ்சுகளைக் கண்மாயில் விடுவதும், கோடையில் நீர் வற்றும்போது ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையோடு ஊரே இறங்கிப் பிடிப்பதும் வழக்கம். அதனால், கண்மாய்க் குத்தகையில் பழகிய பெரியவர் ஒருவர் எங்கள் வரைவைக் கேட்டுவிட்டு, "குஞ்சு வாங்கி விட்டாப் போச்சு, இதுக்கு எதுக்கு ஆத்தா இத்தனை எழுத்து?" என்றார். குழுவிலும் பாதிப் பேர் அதே எண்ணத்தில்தான் இருந்தார்கள்.

காவிரித் தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த பிடிப்புக் கணக்கை வைத்து வெளிவந்த ஆய்வே அந்த எண்ணத்தை மாற்றியது. அக்காலத்தில் பிடிபட்ட திமில் மகசீரின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, ஒவ்வொரு மீனின் சராசரி எடை மட்டும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது நல்ல சேதி. உண்மையில், கிழட்டு மீன்கள் மட்டும் மிஞ்சின, இளங்குஞ்சுகள் தேறி வரவில்லை என்பதே அதன் பொருள். காவிரிக்கு உரியதல்லாத, 1970-களிலிருந்து பண்ணையில் பெருக்கி ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீரோ அதே கணக்கில் பெருகியிருந்தது. மகசீரைக் காப்பதாக நினைத்துச் செய்த காரியமே திமில் மகசீருக்கு வினையாயிற்று.

ஆகவே இனத்தூய்மையை உறுதி செய்வதை வரைவின் முதல் பணியாக வைத்தோம். துடுப்பின் செம்மஞ்சள் நிறத்தைக் கண்டு தேர்வது போதாது, கலப்பினம் இருக்கலாம் என்பதால், பிடித்த மீனின் துடுப்பு ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டி எரிசாராயக் குப்பியில் இட்டு, மீனை உடனே ஆற்றில் விட்டுவிட்டு, மரபணுச் சோதனைக்கு அனுப்பும் முறையை விரிவாக எழுதினோம். வெடி வைத்துப் பிடிப்பதைத் தடுக்கும் காவலும், மின் திட்டங்களிலிருந்து திறக்கும் நீர் திடீரென ஏறி இறங்காமல் இருக்க மின்துறையோடு செய்ய வேண்டிய ஏற்பாடும் அடுத்து வந்தன. இரண்டாவதில்தான் பேச்சு அதிகம், இசைவு குறைவு. மின்சாரம் வேண்டாம் என்று யார்தான் சொல்வார்கள்?

வரைவை அனுப்ப வேண்டிய படிவத்தில், ஆற்றில் விடப்போகும் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. கட்டத்தை வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்திருந்ததால், சோதனை முடிவு வரும்வரை ஒன்றுமில்லை என்று நிரப்பி, காரணத்தைத் தனித்தாளில் இணைத்தோம். அந்தத் தாளைப் பற்றித்தான் இப்போது விளக்கம் கேட்டிருக்கிறார்கள், பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.