1.5 மீட்டர் இடைவெளி

நேற்றுக் காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மிதிவண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் முழங்கையை உரசிச் சென்றது. காயம் ஒன்றுமில்லை, கை நடுக்கம் அடங்கத்தான் நேரமானது. ‘ஓரமாகப் போகக் கூடாதா?’ என்று ஓட்டுநர் கத்திவிட்டுப் போன அந்த ஓரத்தில் மணல் குவிந்து கிடந்தது. அதைத் தாண்டினால் வரிசையாக நிறுத்தப்பட்ட கார்கள், எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. மணலில் சக்கரம் சறுக்கினால் வண்டிகளுக்கு நடுவே விழ நேரும் என்பதாலேயே நாங்கள் சற்று உள்ளே தள்ளி ஓட்டுகிறோம். யாரையும் வழிமறிப்பதற்காக அல்ல.

மிதிவண்டியை முந்தும்போது நகருக்குள் குறைந்தது 1.5 மீட்டரும் நகருக்கு வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று ஜெர்மனி 2020-இல் விதித்தது. இங்கே பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. புத்தகப்பை முதுகில் கனக்க, அவர்களும் இதே போன்ற சாலைகளில்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

சிவப்பு விளக்கை மதிக்காமலும் பின்விளக்கு இல்லாமலும் ஓட்டும் எங்களவர்மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் தவறு யாருடையதானாலும் பெரும்பாலும் அடிபடுவது மிதிவண்டியில் இருப்பவர்தான். விலகிச் செல்ல இடமில்லையென்றால், தயவுசெய்து பத்து நொடி எங்கள் பின்னால் வாருங்கள்.