பாக்ஸ் அவுட் பண்றவனோட வேலை

காலேஜ்ல நாலு வருஷம், அப்புறம் ஒரு கம்பெனி டீம்ல அஞ்சு வருஷம், ரெண்டுலயும் பாஸ்கெட்பால்ல நான் பவர் ஃபார்வர்டு, கூடைக்குக் கீழ மல்லுக்கட்டுற இடம். உயரம் ஆறடி ஒண்ணு, அந்த இடத்துக்கு அது பத்தாது, அதனால உடம்பை வெச்சுத்தான் ஆடணும்.

ஷாட் கையை விட்டுக் கிளம்பினதும் எல்லாரும் அண்ணாந்து பந்தைப் பாப்பாங்க, ஃபார்வர்டு பாக்கக் கூடாது, நம்ம ஆள் எங்கன்னு தேடிப்போய் முன்னங்கையை அவன் நெஞ்சுல குடுத்து, சட்டுனு திரும்பி, இடுப்பை இறக்கி அவன் தொடை மேல உக்காந்த மாதிரி நிக்கணும், இதுக்குப் பேர்தான் பாக்ஸ் அவுட். பின்னாலேந்து முழு பலத்தோட தள்ளுவான். ரெண்டு செகண்டு தாங்கினா போதும், அதுக்குள்ள கூடைல விழாம திரும்பி வர்ற பந்தை, அதாவது ரீபவுண்டை, நம்ம டீம்ல வேற யாராச்சும் எடுத்துடுவான். ஸ்கோர்ஷீட்ல அவன் பேர்தான் ஏறும். நமக்கு ராத்திரி சட்டையைக் கழட்டும்போது விலாவுல முழங்கை பட்ட இடம் கன்னிப்போயிருக்கும், இருமினா வலிக்கும்.

டீமைக் குறைக்கிறோம்னு கம்பெனில முடிவு பண்ணப்போ மேனேஜர் ஸ்கோர்ஷீட்டை விரிச்சு வெச்சு "உன் பாயிண்ட்ஸ் என்னப்பா"ன்னு மட்டும்தான் கேட்டார். பதில் சொல்லத் தெரியாம வெளிய வந்தேன், அந்தக் கோபம் இன்னும் இருக்கு.

அந்த சமயத்துலதான் அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீகான என்பிஏல ஆடின யுடோனிஸ் ஹாஸ்லெம்ங்கிற பவர் ஃபார்வர்டோட ஆட்டத்தை உக்காந்து பாக்க ஆரம்பிச்சேன். மியாமில பொறந்தவர், ஃப்ளோரிடா யுனிவர்சிட்டிக்கு நாலு வருஷம் ஆடி, 2000ல காலேஜ் ஃபைனல் வரைக்கும் போய் மிச்சிகன் ஸ்டேட் கிட்ட தோத்த டீம்ல இருந்தவர். ஆறடி எட்டு அங்குலம்தான், காலேஜ்ல சென்டரா, அதாவது கூடைக்குப் பக்கத்துல நிக்கிற ரொம்ப உயரமான ஆளா ஆடினாலும் என்பிஏ சென்டருக்கு அந்த உயரம் காணாது. என்பிஏ டீம்கள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற 2002 டிராஃப்ட்ல யாருமே எடுக்கல. பிரான்ஸ்ல ஷாலோன் டீமுக்கு ஒரு சீசன் ஆடி, ஏகப்பட்ட வெயிட் குறைச்சுட்டு 2003ல சொந்த ஊர் டீமான மியாமி ஹீட்டுக்கே வந்தார். அதுக்கப்புறம் 20 சீசன், ஒரே டீம், 3 சாம்பியன்ஷிப். 2012ல ஹீட்டோட மொத்த ரீபவுண்ட் கணக்குல அந்த டீமோட பழைய ஸ்டார் அலான்சோ மோர்னிங்கையே தாண்டினார். டிராஃப்ட்ல எடுபடாத ஒருத்தர் ஒரு டீமோட ரீபவுண்ட் லிஸ்ட்ல முதல் இடத்துக்கு வந்தது என்பிஏல அதுதான் முதல் தடவை.

எனக்குள்ள நின்னுபோனது 2012 பிளே ஆஃப், இண்டியானா சீரிஸ். நாலாவது மேட்ச்ல புருவத்துக்கு மேல கிழிஞ்சு தையல் போட்டு, பெரிய பேண்டேஜோட திரும்ப உள்ள வந்து கடைசி குவார்ட்டர்ல ஜம்ப் ஷாட்டா போட்டார், ஹீட் ஜெயிச்சுது. அடுத்த மேட்ச்ல ஹீட் டீம்ல கூட ஆடின வேட் மேல இண்டியானாவோட ஹான்ஸ்பரோ முரட்டு ஃபவுல் பண்ணினதும் ஹாஸ்லெம் போய் ஹான்ஸ்பரோவை பலமா அடிச்சு ஒரு மேட்ச் சஸ்பென்ஷன் வாங்கிக்கிட்டார். அது தப்புதான், நான் அதுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன், ஆனா கூட ஆடுறவனுக்காக முன்னாடி போய் நிக்கிற ஆள் டிரெஸ்ஸிங் ரூம்ல இருக்கிறது என்ன தைரியம்னு ஆடினவங்களுக்குத் தெரியும்.

கடைசி ஏழெட்டு சீசன்ல அவர் ஆடினதே கம்மி. 2020-21ல ஒரே ஒரு மேட்ச், அதுலயும் மூணு நிமிஷம்கூட முடியல, எதிர் டீம் டுவைட் ஹோவர்டோட மல்லுக்கு நின்னு வெளிய அனுப்பிட்டாங்க. இருந்தும் டீம் அவரை விடவே இல்ல, வருஷா வருஷம் கான்ட்ராக்ட் குடுத்தாங்க. பெஞ்ச்ல உக்காந்து சின்னப் பசங்களைத் திட்டித் திருத்துறதும் வேலைதான்னு அங்க யாரோ புரிஞ்சு வெச்சிருந்தாங்க. 2023 ஏப்ரல்ல, 42 வயசுல, ரெகுலர் சீசனோட கடைசி நாள் ஆர்லாண்டோ கூட 24 பாயிண்ட் போட்டார், அன்னிக்கு நான் அழுதுட்டேன்.

இப்போ ஞாயித்துக்கிழமை காலைல பசங்களுக்கு சொல்லித்தரேன். ஸ்கோர்ஷீட் ஒருத்தர் எழுதுவார், பக்கத்துல நான் தனியா ஒரு நோட்டு வெச்சிருக்கேன், பாக்ஸ் அவுட் ஒண்ணுக்கு ஒரு கோடு. போன வாரம் பாயிண்ட்டே போடாத ஒரு பையன் மேட்ச் முடிஞ்சதும் தண்ணிகூட குடிக்காம நேரா என்கிட்ட வந்து "சார், எனக்கு எத்தனை கோடு"ன்னு கேட்டான். பதினொண்ணு.